கார்னிவல் கழியட்டும்

ஆசாமிகளில் ‘கழியட்டும் ஆசாமி’ என்று ஒரு ரகம் உண்டு. சோம்பேறி என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். சோம்பேறி வேலையைக் கண்டால் ஓடுவான். இவர் வேலையைக் கண்டால் சட்டைக் கையை மடித்துவிட்டு, பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு, நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கை ஒரே மூச்சில் முடித்துவிடுவார். மிச்சம் ஒரு பங்கு இருக்கிறதே, அதைத்தான் தொடமாட்டார். அதற்கு நேரம் கூடி வர வேண்டும், இன்னார் ஊரிலிருந்து திரும்ப வேண்டும், இந்தப் பண்டிகை கழிய வேண்டும், அந்த மழை விட வேண்டும். என்ன ஆச்சு என்று கேட்டால், “முடிஞ்ச மாதிரிதான்” என்பார். அந்த ‘மாதிரி’க்குள் யார் யாருடைய பிழைப்பு மாட்டிக்கொண்டு கிடக்கிறது என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை.

இந்த ரகம் எல்லா ஊரிலும் விளையும். ஆனாலும் எங்கள் டிரினிடாடில் விளைகிற மாதிரி செழிப்பாக வேறெங்கும் விளையாது. மண் அப்படி. செப்டம்பரில் குடியரசு தினம். அது போனால் தீபாவளி. விளக்கு அணைவதற்குள் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குச் சாயம் பூசக் கிளம்பிவிடுவோம். கிறிஸ்துமஸ் பன்றித்தொடையின் எலும்பு சூப்புக்குப் போவதற்குள், தெருவெல்லாம் வேஷம் கட்டி ஆடுகிற கார்னிவல் வந்து நிற்கும். கார்னிவல் போனால் நோன்பு, நோன்பு போனால் ஈஸ்டர். இத்தனைக்கும் நடுவில் வேலை என்று ஒன்றையும் நுழைத்துப் பார்க்கிறோமே, அதற்கே எங்களைப் பாராட்ட வேண்டும்.

இந்த ரகத்தில் முதல் தரம் யார் என்று கேட்டால், தீவின் தென்பக்கத்து நகரம் ஒன்றில் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்த எவரார்ட் லெஸாமாவைத்தான் கை காட்ட வேண்டும். ஐம்பத்து நாலு வயது. கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, காரின் பின்சீட்டில் அளவு நாடா. நேர்மையென்றால் அப்படியொரு நேர்மை. ஒரு கிறிஸ்துமஸுக்கு ஏதோ ஒரு முதலாளி பழக்கூடை அனுப்பிவிட்டார். வந்த வண்டியிலேயே அதைத் திருப்பி அனுப்பினார் லெஸாமா. அவர் அன்றன்றைக்கே செய்து முடித்த ஒரே காரியம் அதுதான் என்று அலுவலகத் தட்டச்சுக்காரி அல்த்தியா சொல்வாள். அவள் வாயை நம்பக்கூடாது; வேறு இரண்டு மூன்றும் இருந்திருக்கும்.

அவர் உத்தியோகத்தில் ஒரு கெடு உண்டு. ஆலையில் பாதுகாப்பு விதியை மீறி யாருக்காவது அடிபட்டால், அந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முதலாளி மேல் நீதிமன்றத்தில் புகார் பதிவாக வேண்டும். ஆறு மாதம் தாண்டினால் நீதிமன்றம் அதை எட்டிக்கூடப் பார்க்காது. உங்களுக்கும் எனக்கும் கெடு என்றால் என்ன? ஓட வைக்கிற சமாச்சாரம். கழியட்டும் ஆசாமிக்கு அப்படியல்ல. அரசாங்கமே பார்த்துப் பார்த்து ஆறு மாதம் கொடுத்திருக்கிறது, அதை அனுபவிக்காமல் ஆறு நாளில் முடித்துக் கொடுத்தால் மீதியை யார் தின்பது? கெடு முடிகிற நாளை நாம் கடைசி நாள் என்போம். அவர் அதை ‘செய்ய வேண்டிய நாள்’ என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்வார்.

செப்டம்பர் எட்டாம் தேதி காலை, ரூப்நரைன் முதலாளியின் உப்பு பிஸ்கட் ஆலையில் எர்மைன் குவாமினா என்கிற பெண்ணின் வலது கை மாவு உருளைகளுக்கு நடுவே போய்விட்டது. பத்தொன்பது வருஷமாக அந்த இயந்திரத்தில் நின்றவள். உருளைகளுக்கு முன்னால் ஒரு கம்பி வலை இருக்க வேண்டும், கை உள்ளே போகாமலிருக்க. வலை இருந்தது, சுவரில் சாய்த்து வைக்கப்பட்டு. அதை மாட்டி வைத்தால் ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் கழற்றிக் கழுவ இருபது நிமிஷம் கூடுதலாகிறதாம். மாவு ஒட்டிக்கொண்டது, எர்மைன் விரலால் தள்ளினாள், மூன்று விரல் போயிற்று. மறுநாளே மேனேஜர் ஒரு நடவடிக்கை எடுத்தார். ‘கவனமாக வேலை செய்யவும்’ என்று ஒரு அட்டை எழுதி, அந்த வலை சாய்ந்திருந்த சுவரிலேயே, வலைக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார்.

லெஸாமா அடிபட்ட அன்று சாயங்காலமே வந்துவிட்டார். சொன்னேனே, வேலை என்றால் பறப்பார் என்று. உருளைக்கும் உருளைக்கும் இடைவெளி அளந்தார். படம் எடுத்தார், படத்தை நம்பாமல் கலர் பென்சிலால் வரைந்தும் வைத்தார். ஆறு பேரிடம் வாக்குமூலம், டாக்டர் சான்று, எல்லாம் மும்மூன்று பிரதி. பன்னிரண்டே நாளில், செப்டம்பர் இருபதாம் தேதி, கோப்பு தயார். சிவப்பு நாடா போட்டு அவரே முடிச்சுப் போட்டார். மிச்சம் என்ன? புகார்த் தாளின் அடியில் தேதி எழுத வேண்டும். நாலு தெரு தள்ளியிருக்கிற நீதிமன்றத்துக்கு நடந்துபோய் பதிவு அறையில் நீட்ட வேண்டும். அவ்வளவுதான்.

“முடிஞ்ச மாதிரிதான்” என்று கோப்பை அலமாரியில் வைத்தார்.

எர்மைன் அக்டோபரில் வந்தாள், கை முழுக்கக் கட்டோடு. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட முடியாமல் இடது கட்டைவிரலை ஒற்றினாள். நஷ்ட ஈட்டு சமாச்சாரம் யூனியன்காரர்கள் தனியாகப் பார்த்துக்கொள்கிறார்கள், அதற்காக நான் வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். வந்த காரணம் வேறு. அவள் நின்ற இடத்தில் இப்போது நிற்பது அவள் தங்கை மகள் கெசியா, இருபத்திரண்டு வயதுப் பெண். ஆய்வாளர் வருகிற நாளில் வலையை மாட்டுகிறார்கள், அவர் கார் வளைவு திரும்பியதும் கழற்றி மறுபடி சுவரில் சாய்க்கிறார்கள். கடிதத்துக்கெல்லாம் ரூப்நரைன் அசைகிற ஆளில்லை. மாஜிஸ்திரேட் வாயால் குற்றவாளி என்று ஒரு வார்த்தை வந்தால்தான் வலை நிரந்தரமாக ஏறும்.

“புகார் போட்டாச்சா, மிஸ்டர் லெஸாமா?”

“போட்ட மாதிரிதான். தீபாவளி கழியட்டும், மிஸ் எர்மைன். ரூப்நரைன் வீட்டுல விளக்கு ஏத்துற நேரத்துல சம்மனைக் கொண்டுபோய் நீட்டினா நல்லாவா இருக்கும்?”

பார்த்தீர்களா, என்ன பண்பு! கழியட்டும் ஆசாமியிடம் இதுதான் வம்பு. அவர் தள்ளிப்போடுவதெல்லாம் தனக்காக இல்லை, யாரோ ஒருவர் மனம் நோகக்கூடாது என்பதற்காகத்தான். எர்மைனுடைய மனமும் அந்தக் கணக்கில் சேரும் என்று அவருக்குத் தோன்றாததற்குக் காரணம் கெட்ட எண்ணமில்லை. எர்மைன் எதிரே உட்கார்ந்திருந்தாள், அதனால் அவளுக்கு ஒரு நாற்காலியும் ஒரு தம்ளர் தண்ணீரும் கொடுத்தாகிவிட்டது, கடமை முடிந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் மறுபடி வந்தாள். இந்தத் தடவை பதிவேட்டில் இடது கையால் பெயரை எழுதினாள், எறும்பு மாதிரி, கோடு விட்டுக் கோடு தாண்டி. லெஸாமா மனதார மகிழ்ந்தார், அல்த்தியாவைக் கூப்பிட்டுக் காட்டினார். புகார் பற்றிக் கேட்டபோது, நீதிமன்றத்தில் இப்போது எல்லோரும் கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ஊறப்போட்டுவிட்டு அதே நினைப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், இந்த நேரத்தில் போட்டால் கோப்பு எங்கேயாவது அடியில் போய்விடும் என்று விளக்கினார். புது வருஷத்தில் போட்டால் புதுப் பதிவேட்டில் முதல் பக்கத்தில் வரும். எர்மைனுக்கு அது பாதி நியாயமாகக்கூடப் பட்டது. இந்த ரகத்தின் பேச்சில் அதுதான் ஆபத்து.

ஜனவரி வந்தது. ஜனவரியில் எங்கள் தீவில் கார்னிவல் காற்று அடிக்கத் தொடங்கிவிடும். லெஸாமா முப்பது வருஷமாக மாலுமி வேஷக் கூட்டத்தில் ஆடுகிறவர். வெள்ளை உடை, தலையில் ஆள் உயரக் கிரீடம், கையில் டால்கம் பவுடர் டப்பா, எதிரே வருகிறவர் மேலெல்லாம் பவுடரைத் தூவிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி நடக்கிற ஆட்டம். மிகக் கண்ணியமான மனிதர் வருஷத்தில் இரண்டு நாள் அப்படி ஆடினால் யாருக்கு என்ன? ஆட்டத்தில் குறை சொல்ல நான் வரவில்லை, நானும் ஆடுகிறவன்தான்.

அல்த்தியாதான் நாட்காட்டியில் மார்ச் எட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள். “கெடு முடியுற நாள் கார்னிவல் செவ்வாய், சார். இந்த வருஷம் கார்னிவல் ரொம்பத் தள்ளி வருது.”

லெஸாமா நாற்காலியைத் திருப்பிப் பார்த்தார். கவலைப்படுவார் என்று நினைத்தீர்களா? முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. விடுமுறை நாள்ல கெடு விழுந்தா அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும், சட்டத்துலயே இருக்கு. நமக்கு ஒரு நாள் கூடக் கிடைக்குது பாரு.”

அந்த ஒரு நாள் கிடைத்ததிலிருந்து அவருக்கு ஒரே நிம்மதி. பிப்ரவரி முழுவதும் அலமாரியைத் திறந்து கோப்பை எடுத்துத் தூசி தட்டி, நாடா தளர்ந்திருந்தால் இழுத்துக் கட்டி, மறுபடி வைத்துக்கொண்டிருந்தார். பிஸ்கட் ஆலையில் கெசியா ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வலையில்லாத உருளைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

கார்னிவலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை எர்மைன் வந்தாள். பதிவேட்டில் இப்போது அவள் கையெழுத்து நேராக, அழகாக நின்றது. ஆறு மாதத்தில் அவள் இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டுவிட்டாள். அதே ஆறு மாதத்தில் லெஸாமா வலது கையால் ஒரு தேதி எழுதவில்லை. மேஜை மேல் கிரீடம் வைக்கிற அட்டைப்பெட்டி இருந்தது. வெளியே பாட்டு வண்டிகள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயின, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இன்றைக்கே போய்ப் போட்டுவிடலாமே, நானும் கூட நடந்து வருகிறேன் என்று எர்மைன் சொன்னாள். மணி பதினொன்று.

“இன்னிக்கு அங்க யாரு இருப்பா, மிஸ் எர்மைன்? பாதிப் பேர் பத்து மணிக்கே கிளம்பியிருப்பாங்க. கார்னிவல் கழியட்டும். புதன்கிழமை காலையில கதவு திறக்கும்போது நான் நிப்பேன். இது என் வாக்கு.”

“கெடு செவ்வாயோட முடியுதுன்னு சொன்னாங்களே.”

“செவ்வாய் விடுமுறை. ஊருக்கே விடுமுறை. அது கணக்குல வராது.”

ஊருக்கே விடுமுறைதான். யார் இல்லையென்றது? கார்னிவல் திங்களும் செவ்வாயும் எங்கள் தீவில் பள்ளிக்கூடம் கிடையாது, கடை கிடையாது, ரொட்டிக்காரன்கூட ரொட்டியை வண்டியில் வைத்து ஊர்வலத்தின் ஓரத்தில்தான் விற்பான். லெஸாமா பிறந்ததிலிருந்து அந்த இரண்டு நாளில் ஒரு ஆபீசும் திறந்து பார்த்ததில்லை. அவர் அப்பா பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மாலுமிக் கூட்டம் ஊரைச் சுற்றி வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு லெஸாமாவின் வலது ஷூவுக்குள் ஒரு கல் புகுந்துவிட்டது. கூட்டத்திலிருந்து ஒதுங்கி, பக்கத்திலிருந்த ஒரு கல்படியில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி உதறி, கொஞ்சம் மூச்சு வாங்கி, டப்பாவில் மிச்சமிருந்த பவுடரைக் காற்றில் வீசிவிட்டு, மறுபடி கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். படிக்குப் பின்னால் கதவு ஒன்று இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்?

வாக்குத் தவறாதவர். மறுநாள், நோன்பு தொடங்குகிற சாம்பல் புதன் காலை, தீவே கடற்கரையில் கால் நீட்டிப் படுத்திருக்கிற நேரத்தில், அவர் ஏழு மணிக்கு மாதா கோவிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் சிலுவை வாங்கிக்கொண்டு, எட்டு மணிக்கு நீதிமன்றப் பதிவு அறை வாசலில் நின்றார். காதுக்குள் பவுடர் இன்னும் இருந்தது. பதிவு எழுத்தர் சகோதரர் ஓபடையா கோப்பை வாங்கித் திருப்பிப் பார்த்து, நாடாவை ரசித்து, மார்ச் ஒன்பது என்று முத்திரை குத்தினார்.

“நேத்தே வந்திருக்கலாமே, மிஸ்டர் லெஸாமா” என்றார்.

லெஸாமா வாய்விட்டுச் சிரித்தார். ஓபடையா ஏழாம் நாள் கிறிஸ்தவ சபைக்காரர், ஹாஸ்யம் பேசிப் பழக்கமில்லாதவர். பாவம், இன்றைக்கு முயற்சி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

ஏப்ரல் முதல் வாரம் வழக்கு வந்தது. எர்மைன் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் கெசியா. லெஸாமா கோப்பை நெஞ்சோடு அணைத்திருந்தார். அவர் வரைந்த உருளைப் படம், இடைவெளி அளவு, கலர் பென்சில் நிழல், எல்லாவற்றையும் எந்த வரிசையில் காட்டுவது என்று மூன்று நாளாக மனப்பாடம். முதலாளி தரப்பு வக்கீல் சூநானன் எழுந்தார். மெலிந்த மனிதர், மெலிந்த குரல். இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கம்பி வலையைப் பற்றிப் பேசவில்லை. அரசாங்கம் அறிவித்த பொது விடுமுறைகளின் பட்டியலை மட்டும் மாஜிஸ்திரேட் அம்மாவிடம் நீட்டி, அதில் கார்னிவல் செவ்வாய் எங்கே இருக்கிறது என்று காட்டும்படி பணிவோடு கேட்டுக்கொண்டார்.

மாஜிஸ்திரேட் அம்மா மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே படித்தார். தீபாவளி இருந்தது, ஈத் இருந்தது, தொழிலாளர் தினம் இருந்தது. கார்னிவல் இல்லை. நாங்கள் எல்லோரும் தலைமுறை தலைமுறையாக அந்த இரண்டு நாளும் சும்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம், சட்டம் பார்த்தும் பாராததுபோல இருந்துவிடுகிறது. அந்தச் செவ்வாய் மாஜிஸ்திரேட் அம்மா எங்கே, என்ன நிற இறகு வைத்துக்கொண்டு இருந்தார் என்பதும் ஊருக்கே தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பட்டியல்ல இல்லன்னாலும் ஆபீஸ் பூட்டியிருந்ததுங்க அம்மா” என்றார் லெஸாமா. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

சூநானன் சகோதரர் ஓபடையாவைக் கூண்டில் ஏற்றினார். ஓபடையா சத்தியம் செய்துகொண்டு, தான் கார்னிவலில் சேருவதில்லை என்றும், திங்களும் செவ்வாயும் தனக்கு மற்ற நாட்களைப் போலத்தான் என்றும், இரண்டு நாளும் காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை பதிவு அறையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்ததாகவும், இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் செய்வதாகவும் சொன்னார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தது. மத்தியானம் அவித்த முட்டை வைத்த ரொட்டி சாப்பிட்டாராம்.

“செவ்வாய்க்கிழமை யாராவது வந்தாங்களா?” என்று கேட்டார் சூநானன்.

“ஒருத்தர் வந்தார். உள்ள வரல. மூணு மணி இருக்கும். வாசப்படியில உட்கார்ந்து ஷூவைக் கழட்டிக் கல்லை உதறினார். பவுடரை வீசிட்டுப் போயிட்டார். நான்தான் அப்புறம் பெருக்கினேன்.”

“யாருன்னு தெரியுமா?”

ஓபடையா பொய் சொல்லாதவர். இருந்தாலும் நல்ல மனிதர், கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, “மாலுமி வேஷம்” என்று மட்டும் சொன்னார். நீதிமன்றத்தில் இருந்த அத்தனை தலையும் லெஸாமா பக்கம் திரும்பியது. அவர் கை தன்னையறியாமல் காதுக்குப் போனது.

தள்ளுபடி. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு நாள் பிந்தி வந்த புகாரை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று மாஜிஸ்திரேட் அம்மா சொன்னார், சொல்லும்போது எர்மைனைப் பார்க்கவில்லை. கோப்பின் சிவப்பு நாடா அவிழ்க்கப்படாமலேயே திரும்பி வந்தது.

வெளியே வராந்தாவில் லெஸாமாவுக்குக் கண் கலங்கியிருந்தது, அதில் பொய் இல்லை. “ஒரே ஒரு நாள், மிஸ் எர்மைன். ஒரு நாள்ல போச்சு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த ரகத்தின் துக்கம் எப்போதும் இப்படித்தான் இருக்கும். கடைசி நாளுக்காக மாரடித்துக்கொள்வார்கள், அதற்கு முன்னால் போன நாட்களெல்லாம் யாரோ பக்கத்து வீட்டுக்காரருடைய நாட்கள்.

“ஒரு நாள் இல்ல, மிஸ்டர் லெஸாமா. நூத்தி எண்பத்தோரு நாள். நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்” என்றாள் எர்மைன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கெசியாவோடு படியிறங்கிப் போனாள்.

இத்தோடு கதை முடிந்தது என்று அவள் விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அவள் மறுநாள் மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஆபீசுக்கு வந்து நின்றாள். அவளுக்கு யாரோ யூனியன்காரர் சொல்லியிருக்கிறார்: பழைய குற்றம் செத்துப்போனாலும், இன்றைக்கும் வலை இல்லாமல் இயந்திரம் ஓடினால் அது இன்றைய குற்றம், புதுக் குற்றம். அது சரியா?

லெஸாமாவின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. சரி, முழுக்கச் சரி, இது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? அல்த்தியாவைக் கூப்பிட்டுப் புது கோப்பு எடுக்கச் சொன்னார். புது நாடா எடுக்கச் சொன்னார். பென்சில் சீவினார். எர்மைனுக்குக்கூட ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு அவர் கண் நாட்காட்டிப் பக்கம் போனது.

“இன்னியிலேருந்து ஆறு மாசம்னா அக்டோபர் வரைக்கும் இருக்கு, மிஸ் எர்மைன். இந்தத் தடவை அவசரப்பட வேண்டாம், ஈஸ்டர் கழியட்டும், எல்லாத்தையும் பக்காவாப் பண்ணிடலாம்.”

எர்மைன் கோபப்படவில்லை. உட்காரவும் இல்லை. “கெசியா இன்னிக்கு ரெண்டு மணி ஷிப்ட். வலை சுவத்துல சாஞ்சு நிக்குது, நேத்து கேஸ் போனதுலேருந்து யாரும் அதைத் தொடக்கூட இல்ல. நீங்க இப்ப வந்தீங்கன்னா கண்ணாலேயே பாத்துடலாம். இப்பவே நிறுத்தவும் உங்களுக்கு அதிகாரம் இருக்குன்னாங்க.”

இருந்தது. முழு அதிகாரமும் இருந்தது. லெஸாமாவுக்கு அவள் கை கண்ணில் பட்டது, கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்த கை, பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தது. எழுந்தார். நிஜமாகவே எழுந்தார். தொப்பியை எடுத்தார், இழுப்பறையைத் திறந்து கார் சாவியை எடுத்தார், அளவு நாடா காரில் இருக்கிறதா என்று அல்த்தியாவிடம் கேட்டார். அல்த்தியா தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட இந்த வேகத்தை அவள் கண்டதில்லை. வாசல் வரை போனார். கதவைத் திறந்தார்.

ஏப்ரல் வெயில் முகத்தில் அறைந்தது. எங்கள் ஊரில் ஏப்ரல் மத்தியானம் எப்படியென்று சொல்ல வேண்டுமா? தார் ரோடு மினுங்கியது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கார் நிழலில்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

லெஸாமா கதவை மெல்லச் சாத்தினார்.

“வெயில் கொஞ்சம் தாழட்டும், மிஸ் எர்மைன். நாலு மணிக்குப் போவோம்.”

எர்மைன் அந்த வெயிலில் நடந்து போனாள். ஆலை வாசலில், ரெண்டு மணிச் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால், கெசியாவின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். உள்ளே போகக்கூடாது என்றாள். வேலை போய்விடும் பெரியம்மா என்று அந்தப் பெண் அழுதாள், எல்லோரும் பார்க்கிறார்கள் என்று கையை இழுத்தாள். எர்மைன் விடவில்லை, இரண்டு விரலால் பிடித்த பிடி அது. சங்கு ஊதி ஓய்ந்தது. கேட்டை மூடினார்கள். கெசியாவின் வேலை அன்றைக்கே போயிற்று.

சொன்ன சொல் தவறாத லெஸாமா நாலு மணிக்குச் சரியாக ஆலைக்குப் போனார். கார் வளைவில் திரும்பும்போதே வலையை மாட்டிவிட்டார்கள். அளந்தார், திருகாணிகளை எண்ணினார், எல்லாம் விதிப்படி இருக்கிறது என்று புதுக் கோப்பில் எழுதினார், தேதியோடு. இன்றைக்குக் கெசியாவுக்குப் பத்து விரலும் இருக்கின்றன, வேலைதான் இல்லை. அந்த உருளைக்கு முன்னால் இப்போது வேறொரு பெண் நிற்கிறாள். அவள் பெயர் இன்னும் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.

லெஸாமா மேல் உங்களுக்குக் கோபம் வருகிறதா? வர வேண்டும், வந்தால்தான் நல்ல மனம். நீங்களாக இருந்திருந்தால் செப்டம்பர் இருபதிலேயே நாலு தெருவும் நடந்திருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். உங்கள் தெரு முனை மின்கம்பத்தில் மூடி இல்லாமல் ஒயர் வெளியே தொங்குகிறதே, குழந்தைகள் கை எட்டுகிற உயரத்தில், போகும்போதும் வரும்போதும் பார்த்து, ‘ஒரு புகார் எழுதிப் போடணும்’ என்று சொல்லிக்கொள்கிறீர்களே, அதை முதலில் எப்போது பார்த்தீர்கள்? பொங்கலுக்கு முன்னாலா, தீபாவளிக்கு முன்னாலா? இல்லை, இல்லை, பேனாவைத் தேடாதீர்கள். இப்போதே எழுதச் சொல்லவில்லை. வெளியே வெயில் எப்படியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.